சிகரெட்டை நிறுத்த எந்த வேப் வாங்குவது? பிரித்தானியாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணை, இதுகளில எது நல்ல பிராண்ட்?"

ஹாரோவில் மச்சானின் கடையில் கல்லாவில் நின்ற பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வி கேட்காத நாள் குறைவு. கேட்பவர்கள் பெரும்பாலும் இரவு வேலை முடித்து வருகிறவர்கள். பெற்றோல் நிலையம், வேர்ஹவுஸ், உணவகக் குசினி. கையில் ஒரு பெட்டி சிகரெட்டுக்கான காசு இருக்கும். கண் எனக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் வண்ண வண்ண வேப் பெட்டிகளில் இருக்கும். நானும் யாழ்ப்பாணத்தில் பதினேழு வயதில் கோல்ட் லீஃப் சிகரெட்டில் தொடங்கி இருபத்திரண்டு வருடம் பத்தியவன். மூத்த மகளுக்கு மூச்சிழுப்பு வந்த வருடம் சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது நிகோடின் கலந்த லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட்டுக்கு, மாறினேன். இரண்டு வருடத்தில் வேப்பையும் விட்டேன். அதனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலை முழுதாகவே எழுதிவிடுகிறேன். பிராண்டைக் கடைசியில் கேளுங்கள். அதற்கு முன் உங்களைப் பற்றியே சில விஷயங்கள் தெரிய வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை பிரித்தானியாவில் இருக்கும், இப்போது சிகரெட் பத்துகிற, அதை விட நினைக்கிற பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சிகரெட் பழக்கமே இல்லாதவருக்கு எந்த வேப்பும் நல்ல வேப் இல்லை. நிகோடின் பழக்கம் இல்லாத உடம்புக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒரு காரணமும் இல்லை. பிள்ளைகளுக்கு விற்பது குற்றம். பெரியவர் ஒருவர் பதினெட்டு வயது ஆகாதவருக்காக வாங்கிக் கொடுப்பதும் 2015 அக்டோபர் முதல் குற்றம். இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்குப் பிராண்ட் தேர்வு என்ற பேச்சே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் இ-சிகரெட்டைத் தயாரிக்கவும், இறக்குமதி செய்யவும், விற்கவும், விளம்பரம் செய்யவும் தடை போட்டிருக்கிறது. முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தமிழ்நாடு அதற்கும் ஒரு வருடம் முன்னதாக, 2018இலேயே தடை செய்துவிட்டது. அங்கே ஒளித்து விற்கப்படும் எந்தப் பெட்டியையும் யாரும் பரிசோதித்ததில்லை. வாங்க வேண்டாம்.

காசு கொடுப்பதற்கு முன்

இங்கிலாந்தில் இருப்பவர் முதலில் கடைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் கவுன்சில் பகுதியில் சிகரெட் நிறுத்த உதவும் சேவை ஒன்று இருக்கும். ஜீபீயிடமோ (உங்கள் குடும்ப டொக்டர்) மருந்துக் கடையிலோ கேட்டால் வழி சொல்வார்கள். 2023 ஏப்ரலில் அரசு அறிவித்த திட்டத்தின் கீழ், சிகரெட்டிலிருந்து மாற விரும்பும் பத்து லட்சம் பேருக்கு இலவச வேப் தொடக்கப் பெட்டியும் ஆலோசனையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்களில் பலர் இதைக் கேட்கவே வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வரி கட்டுகிறீர்கள், கேளுங்கள். வேப்தான் வேண்டும் என்றும் இல்லை. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், சிகரெட் ஆசையைக் குறைக்கும் வரெனிக்லின் அல்லது சைடிசின் மாத்திரை எல்லாமே அவர்களிடம் இருக்கும் வழிகள். கர்ப்பிணியாக இருப்பவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டு மிட்வைஃபிடம் கதையுங்கள். அவர்களுக்குப் பட்டையும் கம்முமே முதல் தெரிவு.

வேப் உதவுகிறதா என்றால், உதவுகிறது. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹஜெக் குழு 886 பேரை வைத்துச் செய்த சோதனை 2019இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். பட்டை, கம் எடுத்தவர்களில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அப்படி விட்டவர்களில், வேப் குழுவில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் ஆகியும் வேப்பை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். பட்டைக் குழுவில் அது 9 சதவீதம்தான். ஏறுவதற்கு நல்ல ஏணி இது, இறங்குவதற்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. கீழே நான் சொல்லும் பிராண்ட் தேர்வு முழுக்க இந்த இறங்குதலை மனதில் வைத்ததுதான்.

முதல் படி: உங்கள் சிகரெட்டை எண்ணுங்கள்

மூன்று நாள் ஒரு துண்டுக் காகிதத்தில் குறியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை? காலையில் எழும்பி எத்தனை நிமிடத்தில் முதலாவது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். எழும்பி அரை மணி நேரத்துக்குள் தேநீரோடு முதலாவதைப் பத்துகிறவருக்கு நிகோடின் பிடி ஆழமாக இருக்கிறது.

பிரித்தானியாவில் சட்டப்படி அதிகபட்ச நிகோடின் அளவு ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராம். பெட்டியில் 2% என்றும் போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு இருபது பத்துகிறவரும், எழும்பியவுடன் பத்துகிறவரும் 18 அல்லது 20இல் தொடங்கலாம். பத்துப் பன்னிரண்டு பத்துகிறவருக்கு 10 அல்லது 12. சாப்பாட்டுக்குப் பிறகும் கூட்டாளிமாரோடும் மட்டும் என்றால் 6 போதும், சிலவேளை வேப்பே தேவைப்படாது.

"குறைவாகத் தொடங்கினால் நல்லதுதானே" என்று நினைத்துத்தான் நான் முதல் தடவை தோற்றேன். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி பத்திக்கொண்டிருந்தவன், 3 மில்லிகிராம் லிக்விட்டை வாங்கினேன். காலையிலிருந்து மாலை வரை இழுத்துக்கொண்டே இருந்தும் மனம் அடங்கவில்லை. மூன்றாம் நாள் கடையின் பின்கதவுக்கு வெளியே சிகரெட்டோடு நின்றேன். வேப் சரிவராது என்று முடிவு கட்டி இன்னும் எட்டு மாதம் பத்தினேன். புற்றுநோயையும் நெஞ்சு நோயையும் கொண்டுவருவதில் பெரும் பங்கு புகையிலை எரியும்போது வரும் தாருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கும். நிகோடின் அடிமையாக்கும், ஆனால் முதல் மாதத்தில் உங்கள் வேலை சிகரெட்டை நிறுத்துவது மட்டும்தான். நிகோடினைக் குறைப்பது பிறகு வரும் வேலை. இரண்டையும் ஒரே நாளில் தூக்கப் போனால் இரண்டும் விழும்.

இரண்டாம் படி: எந்த வகைக் கருவி

ஒருதடவை பாவித்து எறியும் வேப்பை 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் விற்க முடியாது. இப்போது கடையில் இருப்பவை மூன்று வகை.

ஒன்று, லிக்விட் நிரப்பியே வரும் பொட். பொட் என்பது லிக்விட் இருக்கும் சிறு கூடு. கருவியைச் சார்ஜ் செய்வீர்கள், பொட் முடிந்தால் கழற்றி அடுத்ததைச் செருகுவீர்கள். எல்ஃப் பார், லொஸ்ட் மேரி, வியூஸ், புளூ போன்ற பெயர்களில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இதுதான். யோசிக்க ஒன்றுமில்லை, அவ்வளவு எளிது.

இரண்டு, நீங்களே 10 மில்லிக் குப்பியிலிருந்து ஊற்றி நிரப்பும் சிறிய பொட் கருவி. பேனாவை விடக் கொஞ்சம் பருமன். முதலில் கை பழக இரண்டு நாள் எடுக்கும்.

மூன்று, பெரிய பற்றரியோடு மேகம் மேகமாகப் புகை விடுவது. அதில் ஆவியை நேரே நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். சிகரெட்டை அப்படி யாரும் இழுப்பதில்லை. முதலில் வாய்க்குள் எடுத்து, பிறகுதான் உள்ளே விடுகிறோம். சிகரெட்டிலிருந்து வருபவருக்கு இந்த மூன்றாம் வகை பொருந்தாது, இருமல்தான் மிஞ்சும். அதோடு அதற்கு 3, 6 என்ற குறைந்த அளவு லிக்விட்தான் ஊற்ற முடியும். நான் முதலில் வாங்கி ஏமாந்தது இதைத்தான்.

முதலாவதா இரண்டாவதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரப்பி வரும் பொட் இரண்டு, அதாவது 4 மில்லி, கடையில் ஏறத்தாழ 6 பவுண்ட். 10 மில்லிக் குப்பி 3 முதல் 4 பவுண்ட். ஒரு நாளைக்கு 2 மில்லி இழுப்பவருக்கு வாரத்துக்கு 14 மில்லி. நிரப்பிய பொட்டில் அது 21 பவுண்ட். குப்பியில் 5 பவுண்டும், மாற்றுப் பொட்டுக்கு ஒரு 3 பவுண்டும். ஒரு பெட்டி சிகரெட்டே 15 பவுண்டைத் தாண்டிவிட்ட நாட்டில் இரண்டுமே இலாபம்தான். ஆனால் 2026 அக்டோபர் 1 முதல் 10 மில்லி லிக்விட்டுக்கு 2.20 பவுண்ட் வரி என்று அரசு அறிவித்திருக்கிறது. அதற்கு மேல் வாட் வரியும். குப்பி விலை ஏறும், பிறகும் குப்பியே மலிவு.

விலையை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிரப்பி வரும் பொட்கள் பலவும் கடைத் தட்டில் 20 மில்லிகிராமில் மட்டும் இருக்கும். 10 இருந்தாலும் நீங்கள் விரும்பும் சுவையில் இருக்காது. குப்பியில் 20, 10, 5, 3, 0 என்று படிப்படியாக இறங்கலாம். ஹஜெக் குழு சோதனையில் கொடுத்ததும் நிரப்பக்கூடிய கருவியைத்தான். முதல் குப்பிக்குப் பிறகு தங்களுக்குப் பிடித்த சுவையையும் அளவையும் தாங்களே தெரிந்து வாங்கச் சொன்னார்கள். அதனால் என் தெரிவு இரண்டாவது வகை. கை நடுங்கும் வயதானவர், கண் தெளிவில்லாதவர், வேலை நேரத்தில் ஊற்றிக்கொண்டு நிற்க முடியாதவர் முதலாவதை எடுக்கட்டும். அதில் பிழை இல்லை.

மூன்றாம் படி: இனி பிராண்ட்

ஏறக்குறைய எல்லா வேப்பும் ஒரே ஊரிலிருந்துதான் வருகிறது. சீனாவின் ஷென்சென். இன்றைய இ-சிகரெட்டை 2003இல் உருவாக்கியவரும் சீனர்தான், ஹொன் லிக் என்ற மருந்தாளர். அதனால் "சைனா சாமான் வேண்டாம் அண்ணை, பிரிட்டிஷ் சாமான் தாங்கோ" என்று கேட்பதில் பொருளில்லை. பெட்டியின் மேல் இருக்கும் பெயர்கள் பல, பின்னால் இருக்கும் கைகள் கொஞ்சம். எல்ஃப் பாரும் லொஸ்ட் மேரியும் ஒரே நிறுவனக் குடும்பம். வேப்பரெஸ்ஸோ, உலகின் மிகப் பெரிய வேப் தயாரிப்பாளரான ஸ்மூரின் பெயர். கலிபர்ன் யூவெலுடையது, எக்ஸ்லிம் ஒக்ஸ்வாவுடையது.

சில பெயர்களின் பின்னால் இருப்பது சிகரெட் கம்பெனிதான். வியூஸ் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுடையது. புளூ இம்பீரியலுடையது. லொஜிக் ஜப்பான் டொபாக்கோவுடையது. ஊரில் நாங்கள் பத்திய கோல்ட் லீஃபைச் செய்யும் சிலோன் டொபாக்கோவும் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் கிளை நிறுவனமே. இருபத்திரண்டு வருடம் காசு கொடுத்த அதே கைக்கு, விடுவதற்கும் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது என் மனது. அந்தக் கருவிகள் வேலை செய்யாது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரிய சுப்பர்மார்க்கெட் எதிலும் எளிதாகக் கிடைப்பவை அவை, அதுவும் ஒரு நன்மைதான்.

அப்படியானால் எதை வைத்துத் தெரிவு செய்வது? நான் கல்லாவில் நின்று கண்டுகொண்டது இதுதான். சனிக்கிழமை இரவு பொட் கருகிவிட்டால், ஞாயிறு காலை உங்கள் தெருவில் அதே பொட் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உங்கள் கை சிகரெட்டுக்குத்தான் போகும். எத்தனையோ பேர் ஒன்லைனில் அழகான கருவி ஒன்றை மலிவாக வாங்கிக்கொண்டு வந்து, "இதுக்குப் பொட் இருக்கோ அண்ணை" என்று நின்றிருக்கிறார்கள். இருக்காது. அன்றே ஒரு பெட்டி சிகரெட் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆகவே முதலில் வீட்டுக்கும் வேலைக்கும் இடையே இருக்கும் இரண்டு கடைகளுக்குப் போங்கள். எந்தக் கருவியின் மாற்றுப் பொட் இரண்டிலும் தொங்குகிறது என்று பாருங்கள். உங்கள் பட்டியல் அங்கேயே மூன்று பெயராகச் சுருங்கிவிடும்.

அடுத்து கொயில். பொட்டின் அடியில் இருந்து லிக்விட்டைச் சூடாக்கும் சிறு கம்பிச் சுருள் அது. அதன் மேல் 0.4, 0.8, 1.2 என்று ஓம் எண் எழுதியிருக்கும். எண் குறைந்தால் சூடும் புகையும் கூடும். சிகரெட் இழுத்துப் பழகியவருக்கு 0.8 முதல் 1.2 வரை பொருந்தும். இந்த அளவில் பொட் செய்யாத பிராண்டை எடுக்க வேண்டாம். வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ரோஸ், கலிபர்ன், எக்ஸ்லிம், அஸ்பயர், இன்னோகின் எல்லாவற்றிலும் இந்த அளவில் கருவிகள் உண்டு. 15 முதல் 25 பவுண்டுக்குள் வரும். எக்ஸ்ரோஸில் எனக்குப் பிடித்தது, வரிசையில் புதிய கருவி வந்தாலும் பழைய கருவிக்குப் பொட் பொருந்துவது. ஆறு மாதத்தில் கருவியையே மாற்ற வைக்கும் பிராண்டுகள் இருக்கின்றன. புதிதாக வந்த ஒன்றை, அது எவ்வளவு மினுங்கினாலும், ஒரு வருடம் சந்தையில் நிற்கும் வரை தொட வேண்டாம்.

லிக்விட்டின் பிராண்ட் கருவியின் பிராண்டாக இருக்க வேண்டியதில்லை. "நிகோடின் சால்ட்" என்று போட்டதை எடுங்கள். சாதாரண நிகோடின் 20 மில்லிகிராமில் தொண்டையைக் கீறும். சால்ட் என்பது அமிலம் சேர்த்து அந்தக் கீறலைக் குறைத்தது. சுவை விஷயத்தில் வெட்கப்படத் தேவையில்லை. புகையிலைச் சுவைதான் வேண்டும் என்று முதலில் கேட்பார்கள், பலர் இரண்டு வாரத்தில் புதினாவுக்கோ பழத்துக்கோ போய்விடுவார்கள். சிகரெட்டின் சுவையிலிருந்து நாக்கு விலகுவது நல்லதுதான். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் மட்டும், இனிப்பு வாசம் அறை முழுக்க நிற்கும் சுவைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

இதில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். பிரித்தானியாவில் நிகோடின் உள்ள எந்த வேப்பும் லிக்விட்டும், விற்பனைக்கு வருமுன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.விடம் பதிவாக வேண்டும். அவர்களின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடலாம். பொட்டின் கொள்ளளவு 2 மில்லியைத் தாண்டக்கூடாது, நிகோடின் குப்பி 10 மில்லியைத் தாண்டக்கூடாது, அளவு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நிகோடின் மிகவும் அடிமையாக்கும் பொருள் என்ற எச்சரிக்கை பெட்டியின் முன்னும் பின்னும் ஆங்கிலத்தில் பெரிதாக இருக்க வேண்டும். நிறமூட்டி, வைட்டமின், கஃபீன் எதுவும் சேர்க்கக்கூடாது.

5% என்றோ 50 மில்லிகிராம் என்றோ போட்டிருந்தால் அது அமெரிக்காவுக்கோ வேறெங்குக்கோ செய்தது, இங்கே சட்டவிரோதம். சார்ஜ் குத்தும் துளை இல்லை என்றாலும் சட்டவிரோதம். பொட்டை மாற்றவோ நிரப்பவோ வழியில்லாமல் ஆயிரக்கணக்கான இழுப்பு என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். சில சட்டப்பூர்வமான கருவிகளிலும் பெரிய எண் இருக்கும். அவற்றில் 2 மில்லிப் பொட்டோடு தனியாக 10 மில்லிக் குப்பி ஒன்று இணைந்திருக்கும், அதைப் பார்த்து வேறுபடுத்துங்கள்.

பெயர் பெற்ற பிராண்ட் என்பதற்காகவும் கண்ணை மூடக்கூடாது. 2023 பிப்ரவரியில் எல்ஃப் பார் 600 வகைச் சிலவற்றில் 2 மில்லிக்கு மேல் லிக்விட் இருப்பது தெரிந்து, பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளே தட்டிலிருந்து எடுத்தன. போலிகள் இன்னும் மோசம். எனக்கு ஒருமுறை வேறு ஒரு கடையில் கல்லாவுக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மலிவு என்று வாங்கினேன். நாலு இழுப்பில் தலை சுற்றி பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பெட்டியைப் பார்த்தால் 50 மில்லிகிராம். தட்டில் வைக்காமல் கீழேயிருந்து எடுத்துத் தரும் எதையும் வாங்காதீர்கள், தருபவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தாலும். அப்படி விற்பதைக் கண்டால் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்குச் சொல்லலாம்.

2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் கெட்டு 2,800க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி இன்னும் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதற்கு முக்கிய காரணம், கள்ளச் சந்தையில் கஞ்சா எண்ணெயோடு கலந்து விற்ற வைட்டமின் ஈ அசிடேட். பதிவான நிகோடின் லிக்விட்டில் அது இருக்க முடியாது. பிராண்டை விடப் பதிவு முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: முதல் வாரம்

புதுப் பொட்டில் லிக்விட்டை ஊற்றியதும் இழுக்காதீர்கள். பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். உள்ளே இருக்கும் பஞ்சு நனைய நேரம் வேண்டும். நனையாமல் இழுத்தால் பஞ்சு கருகும், பிறகு அந்தப் பொட் முழுக்கக் கருகல் வாசம்தான். பொட் ஒன்று ஒன்றிரண்டு வாரம் வரும். சுவை மங்கினாலோ கருகல் தெரிந்தாலோ மாற்றுங்கள்.

சிகரெட்டைப் போல வெடுக்கென்று இழுக்க வேண்டாம். மெதுவாக மூன்று விநாடி. நிகோடின் சிகரெட்டை விடக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறும். இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தலைசுற்று, விக்கல், வயிற்றுப் பிரட்டல் வந்தால் கூடிவிட்டது என்று பொருள். இழுத்துக்கொண்டே இருந்தும் எரிச்சல் அடங்கவில்லை என்றால் குறைந்துவிட்டது. தொண்டை வரளும், தண்ணீர் குடியுங்கள். சிகரெட்டை விட்ட உடம்பில் கஃபீன் மெதுவாகத்தான் கரையும். அதனால் வழக்கமான ஐந்து கோப்பி திடீரென்று நெஞ்சுப் படபடப்பைத் தரலாம், பாதியாக்கிவிடுங்கள்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடும். குளோசபின், ஒலன்சபின், தியோஃபிலின் எடுப்பவர்கள் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன்பே டொக்டரிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் மனநல மருந்து எடுப்பதை ஒளிக்கும் பழக்கம் இருப்பதால் இதை இங்கே எழுதுகிறேன். டொக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

முதல் நாட்களில் சிகரெட்டும் வேப்பும் மாறி மாறி வருவது நடக்கும். அதைத் தோல்வி என்று விட்டுவிட வேண்டாம். ஆனால் ஒரு திகதி குறியுங்கள், அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் லைட்டரும் சாம்பல் தட்டும் இருக்கக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று சிகரெட்டும் ஒரு வேப்பும் என்று வருடக்கணக்கில் போகிறவர்களுக்குக் காசுதான் இரண்டு பக்கமும் போகிறது, நெஞ்சுக்கு நன்மை சொற்பம்.

வீட்டிலும் பயணத்திலும்

10 மில்லிக் குப்பி ஒன்றில் 200 மில்லிகிராம் நிகோடின் வரை இருக்கும். பழ வாசம் வேறு. சின்னப் பிள்ளை அதைக் குடித்தால் உயிருக்கு ஆபத்து. மூடி பிள்ளைகள் திறக்க முடியாதது என்று நம்பி மேசையில் விடாதீர்கள். மருந்து வைக்கும் உயரத்தில், பூட்டில் வையுங்கள். பிள்ளை வாயில் வைத்துவிட்டதென்றால் காத்திருக்காமல் 999.

பற்றரி லித்தியம். கருவியோடு வந்த கேபிளில், கண் முன்னே சார்ஜ் செய்யுங்கள். தலையணைக்குக் கீழே வேண்டாம்.

விமானத்தில் கைப்பையில் மட்டும். சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. அதை விட முக்கியம், எங்கே போகிறீர்கள் என்பது. சென்னைக்கோ திருச்சிக்கோ கோயில் பயணம் போகிறவர் வேப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், அங்கே கொண்டுபோவதே இறக்குமதித் தடைக்குள் வரும். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். தாய்லாந்திலும் தடை. அந்த இரண்டு மூன்று வாரத்துக்குப் பட்டையும் கம்மும் கொண்டுபோங்கள். ஊருக்குப் போய் பழைய கூட்டாளிமாரைக் கண்டதும் சிகரெட்டுக்குத் திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பட்டையை ஒட்டிப் பழகுங்கள்.

ஆறாம் படி: இறங்குவது

சிகரெட் இல்லாமல் மூன்று மாதம் போனபின் இதைத் தொடங்குங்கள், அவசரம் வேண்டாம். 20இல் இருந்தவர் அடுத்த குப்பியை 10இல் வாங்குங்கள். முதல் வாரம் கொஞ்சம் கூடவே இழுப்பீர்கள், பிறகு அடங்கும். ஆறு முதல் எட்டு வாரம் அதில் நில்லுங்கள். பிறகு 5. பிறகு 3. எந்தப் படியிலாவது சிகரெட் நினைப்பு திரும்பி வந்தால் ஒரு படி மேலே ஏறுங்கள், வெட்கமில்லை. அளவைக் குறைப்பதோடு இடத்தையும் குறைத்தேன் நான். முதலில் படுக்கை அறையில் இல்லை என்று வைத்தேன். பிறகு காரில் இல்லை. பிறகு வீட்டுக்குள்ளேயே இல்லை. மார்கழிக் குளிரில் மூன்று இழுப்புக்காக வெளியே போய் நிற்க வேண்டி வந்தபோது, மனமே பாதியைத் தள்ளிவிட்டது.

வேப் தீங்கே இல்லாதது என்று யாரும் சொல்லவில்லை. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டை விட ஏறக்குறைய 95 சதவீதம் தீங்கு குறைவு என்று மதிப்பிட்டது. முப்பது, நாற்பது வருடம் இழுத்தவர்களை யாரும் இன்னும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவ்வளவு காலமாக இந்தக் கருவியே இல்லை. அந்த முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டாம்.

0 மில்லிகிராமுக்கு வந்த பிறகு நான் இரண்டு வாரம் கருவியைக் கோட்டுப் பைக்குள் சும்மா வைத்துக்கொண்டு திரிந்தேன். கை தேடும்போது அது இருந்தால் போதும் என்றிருந்தது. பிறகு ஒரு நாள் பை கனக்காததையே கவனிக்கவில்லை, வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். முடித்த கருவியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே இருக்கும் பற்றரி லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடை பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மிச்ச லிக்விட்டோடு குப்பியையும் சேர்த்து, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.